மூன்று வயது கூடின கடதாசி

786

கல்முனை,
12.02.1984

அன்பு மகன் அப்துல் றவூபுக்கு, வாப்பாவின் ஸலாம்.

அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழும்பி நடமாடுகிறோம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். ஆடிக் கலவரத்துக்குப் பிறகு தபால் மெதுவாகத்தான் வருகிறது. நீ மார்கழியில் போட்ட கடிதம் போன கிழமைதான் கைக்குக் கிடைத்தது.

நீ கேட்ட வருஷம் இலக்கத்தில் எனக்குத் தெரியாது, மகன். நான் வருஷங்களை இலக்கத்தால் பிடித்துவைக்கிறவன் இல்லை. காலை எட்டு மணிக்குக் கோழிகள் கூட்டுக்குள் ஏறின வருஷம் அது. சூரியனைக் கிரகணம் பிடித்து, சுபஹு தொழுது கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மஃரிப் வந்தமாதிரி இருண்டது. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கல்லோயா அணைத் தண்ணீர் எங்கள் பக்கத்து வாய்க்காலுக்கு வந்து மூன்றாம் வருஷமோ நாலாம் வருஷமோ. கிரகண நேரத்தில் வசம்பு தின்றால் உடம்பு வெளுக்கும் என்று ஒரு கதை நாடு முழுக்கப் பரவியிருந்தது. உன் மாமா கச்சிமுகம்மது, அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்ளட்டும், யாருக்கும் சொல்லாமல் ஒரு பிடி வசம்பு தின்றார். நிறம் மாறவில்லை, வயிறுதான் மாறியது. பத்து நாள் வளவின் பின்பக்கத்துக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தார். அப்படி அவர் நடந்துகொண்டிருந்த ஒன்பதாம் நாள், புதன்கிழமை, ளுஹருக்கு பாங்கு சொல்ல முந்தி நீ பிறந்தாய்.

அங்கேயுள்ள புத்தகசாலையில் எந்த வருஷம் எந்த நாட்டில் கிரகணம் பிடித்தது என்று ஒரு புத்தகம் இருப்பதாக எழுதியிருந்தாய். இலங்கையில் பிடித்தது 1955 யூன் 20 என்று அதில் கண்டாயாம். கிரகணத்தன்று உன்னை வயிற்றில் வைத்திருந்த உம்மாவை அறைக்குள் விட்டுப் பூட்டின கதையை றஹீமா சாச்சி உனக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் உன் பிறப்புக் கடதாசியில் 1952 ஏப்ரல் என்று கிடக்கிறது. "வாப்பா, இரண்டில் எது பொய்?" என்று கேட்டிருந்தாய். கிரகணம் பொய் சொல்லாது மகன். கடதாசியும் பொய் சொல்லவில்லை. இரண்டும் சரி. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசி.

வேலை விஷயம் எனக்கு நன்றாக விளங்கியது. நாலு வருஷ ஆராய்ச்சி முடிந்து, அதே ஆய்வுகூடத்தில் நிரந்தரமாக ஒரு இடம் வந்திருக்கிறது, உன் வெள்ளைக்காரப் பேராசிரியர் உன்னைத்தான் கேட்கிறார், ஆனால் முப்பது வயதைத் தாண்டினவர்களை எடுக்கமாட்டார்கள். கடதாசிப்படி உனக்கு வருகிற ஏப்ரலில் முப்பத்திரண்டு. மே மாதத்துக்குள் சரியான கடதாசி போய்ச் சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. நீ பொருட்களைக் காய்ச்சுகிற அந்த உலை இலங்கையில் எங்கேயும் இல்லை, இங்கே திரும்பி வந்தால் நீ படித்ததைச் செய்து பார்க்க ஒரு சட்டிகூடக் கிடையாது என்று எழுதியிருந்தாய். அதை வாசிக்கக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை.

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று யோசிப்பாய். உன் தங்கச்சி சுபைறாதான் வழக்கமாக எனக்கு எழுதித் தருகிறவள். இந்தக் கடிதத்தை வீட்டில் இருந்து எழுத முடியாது. அதனால் கடைத்தெருவில் ஸைனுலாப்தீனின் தையல்கடைக்கு வந்து சொல்கிறேன், அவன் எழுதுகிறான். உன் உம்மாவிடம் முழங்காலுக்கு எண்ணெய் போட மருதமுனைப் பரியாரியிடம் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்று மூன்றாம் நாள். நேற்று அவள் முழங்கால் எப்படி என்று கேட்டாள். சுகம் என்றால் இன்றைக்கு வெளிக்கிட முடியாது. சுகமில்லை என்றால் அவளே என்னை வேறு பரியாரியிடம் கூட்டிப்போவாள். அதனால் வலது கால் சுகம், இடது கால் இன்னும் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

(முழங்கால் கதைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, தம்பி. அவர் சொல்வதை எழுதுகிறேன். ஸலாம். ஸைனுலாப்தீன்.)

உன் கடதாசியால் உனக்குக் கெடுதி மட்டும்தான் வந்தது என்று நினைக்காதே. உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன நாள் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. காரைதீவு இளையதம்பி மாஸ்டர் அப்போது தலைமை ஆசிரியர். கடதாசியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் கடதாசியைப் பார்த்தார். "என்ன அச்சிமுகம்மது, எட்டு வயசு எண்டு கிடக்கு. பொடியன் மேசைக்கு மேல தெரியிறானில்லையே" என்று கேட்டார். வளர்த்தி கொஞ்சம் குறைவு சேர் என்றேன். "வளர்த்தி குறைவோ, இல்லாட்டி நீ சோறு குடுக்கிறது குறைவோ?" என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

அன்றிலிருந்து உனக்குப் பள்ளிக்கூடத்துப் பால் இரட்டைக் கோப்பை, பணிஸ் இரண்டு. எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து வயது உடம்பு என்று அந்த மனுஷன் மனம் நொந்து, தானே பக்கத்தில் நின்று குடிக்கவைப்பார். மற்றப் பிள்ளைகளின் உம்மாமார் உன் உம்மாவைக் கிணற்றடியில் பிடித்து, "உங்கட மகனுக்கு மட்டும் ரெண்டு வயிறா?" என்று சண்டைக்கு வந்தார்கள். நீ பிந்திச் சேர்ந்த பிள்ளை, மண்டை கொஞ்சம் மந்தமாகத்தான் இருக்கும் என்று மாஸ்டர் நினைத்திருந்தார். முதல் தவணையிலேயே நீ முதலாம் பிள்ளையாக வந்ததும், பால்தான் வேலை செய்கிறது என்று மூன்றாவது கோப்பையும் தந்தார்.

விளையாட்டுப் போட்டிதான் உனக்குக் கஷ்டம். கடதாசி வயதைப் பார்த்து உன்னை மூன்று வயது மூத்த பொடியன்மாரோடு ஓடவிட்டார்கள். அவர்கள் ஓடி முடித்து ஐஸ்பழம் தின்னும்போது நீ பாதி வழியில் வருவாய். இரண்டு வருஷம் அழுதாய். மூன்றாம் வருஷம் ஓடமாட்டேன் என்று ஒரு புத்தகத்தோடு வேப்பமரத்துக்குக் கீழே இருந்துவிட்டாய். அதற்குப் பிறகு அந்த இடத்திலிருந்து நீ எழும்பவில்லை, மகன். இப்போதும் அங்கேதான் இருக்கிறாய், மரம்தான் மாறியிருக்கிறது.

பிந்திப் பள்ளிக்கூடம் விட்டதற்கு என்னை ஒருமுறை கேட்டாய். வகுப்பில் நான்தான் வயது கூடினவன், நான்தான் கட்டை என்று வெட்கப்பட்டுக் கேட்டாய். வயல் வேலை மகன், நேரம் கிடைக்கவில்லை என்றேன். அது பொய். அந்தப் பொய்க்கு நான் மன்னிப்புக் கேட்கிறேன்.

உன் மாமாவின் ரேடியோவை நீ கழற்றினது பதினொரு வயதில். கடதாசிப்படி பதினாலு. நான் அடித்தது பதினாலு வயதுக் குற்றத்துக்கு அல்ல, எனக்கு உன் வயது தெரியும், ஆனாலும் அடித்தேன். அதற்குள் மூன்று கால் வைத்த ஒரு பூச்சி மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டி, "வாப்பா, இதுதான் பாடுது" என்றாய். அடி விழுந்த கையோடு திரும்பப் பூட்டினாய். ரேடியோவும் பாடியது. ஆனால் அதற்குப் பிறகு அதில் கொழும்பு கேட்கவில்லை, மலையாளம் மட்டும்தான் கேட்டது. உன் மாமா மௌத்தாகும்வரை மலையாளச் செய்தி கேட்டார். விளங்குதா என்று கேட்டால், "செய்தி நல்லதா கெட்டதா எண்டு குரல்ல தெரியும்தானே" என்பார். கடைசி வருஷத்தில் உன் மாமியிடம் கோபம் வந்தால் மலையாளத்தில் பேசினாராம்.

நீ படிக்கிற பொருளுக்குக் குறைகடத்தி என்று பெயர் சொன்னபோது எனக்குப் பிடிக்கவில்லை. பேராதனைக்குப் போய் ஏன் குறையானதைப் படிக்கிறாய் என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. செம்பு என்றால் எந்நேரமும் திறந்து கிடக்கிற மடை, கண்ணாடி என்றால் அடைத்துப்போட்ட மடை, நான் படிப்பது திறக்கச் சொன்னால் திறந்து மூடச் சொன்னால் மூடுகிற மடை என்றாய். நாற்பது வருஷம் நாவிதன்வெளி வயல்களுக்கு மடை திறந்து மூடின எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மகன் என்ன வேலை என்று யாராவது கேட்டால் என்னுடைய வேலைதான் என்பேன். அவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஆனால் நீ போன வருஷம் எழுதின கடிதத்தால் எனக்கு ஊருக்குள் தலைகாட்ட முடியாமல் போனது. ஒரு பொருளை நூறு கோடியில் ஒரு தூசுகூட இல்லாமல் சுத்தமாக்கி, அதற்குப் பிறகு அதற்குள் எண்ணி எண்ணிக் கொஞ்சம் அழுக்கைக் கலப்பதுதான் உன் வேலை என்று எழுதியிருந்தாய். பெருமையில் அதைப் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பிறகு சொல்லிவிட்டேன். உடனே இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. கலப்படம் ஹறாம், அது எந்த நாட்டில் செய்தாலும் ஹறாம் என்று ஒரு கட்சி. விற்கிற சாமானில் கலந்தால்தான் ஹறாம், படிக்கிற சாமானில் கலக்கலாம் என்று மற்றக் கட்சி. மஃரிப் வரைக்கும் வாதாடினார்கள். அடுத்த நாள் வயலில் பாண்டிருப்புக் கந்தப்போடி கேட்டார்: "அரிசிக்குள்ள கல்லுக் கலந்த கடைக்காரன நம்மட ஆக்கள் அடிச்சுத் துரத்தினாங்க. உன்ட மகனுக்கு அதே வேலைக்கு வெள்ளைக்காரன் பட்டம் குடுக்கிறானே, அவன்ட சோத்துல ஒருநாளும் கல்லுக் கடிபட்டதில்லையோ?" நீ எழுதும்போது அவருக்குப் பதிலையும் எழுது.

கலக்கிற சாமானில் பாஷாணமும் உண்டு என்று எழுதியிருந்தாயே, அதை நீ எழுதியிருக்கத் தேவையில்லை. உன் உம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. கையைக் கழுவாமல் ஒரு வாய் சோறும் வைக்கவேண்டாம் என்று உனக்கு எழுதச் சொன்னாள். சுபைறா எழுதினாளா தெரியாது. இப்போது நான் எழுதிவிட்டேன்.

நீ பிளேன் ஏற முந்தி அந்தப் பெரிய புயல் அடித்த அன்று வீட்டுக்கூரை போனது, உன் பேராதனைப் புத்தகங்கள் போயின, முற்றத்துத் தென்னை ஏழும் போயின. விடிந்து பார்த்தால் சேற்றுக்குள் தகரப்பெட்டி மட்டும் கிடந்தது. திறந்தால் உன் பிறப்புக் கடதாசி ஒரு நனைவும் இல்லாமல் இருந்தது. ஊரில் எல்லோருடைய சரியான கடதாசிகளும் கடலுக்குப் போக, இந்தக் கடதாசி மட்டும் தப்பி நின்றது. அன்றைக்கே அது போயிருந்தால் எல்லோரையும்போல உனக்கும் புதுக்கடதாசி எடுத்திருக்கலாம். நானும் பெட்டியைக் காயவைத்து அதைப் பத்திரமாகத் திரும்ப வைத்தேன், பார்.

ஸைனுலாப்தீன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறான். "காக்கா, விசயத்துக்கு வாங்க. நாலு பேர்ட கால்சட்டை கிடக்கு" என்கிறான். வருகிறேன்.

உனக்கு மூத்தவனாக ஒரு காக்கா இருந்தான், மகன். அவன் பெயர் அப்துல் றவூப். பிரதம மந்திரி குதிரையிலிருந்து விழுந்து மௌத்தானாரே, அதற்கு அடுத்த மாதம் பிறந்தான். பத்தாம் நாள் நான் புதுச் சாரம் கட்டிக்கொண்டு போய் அவனுக்குக் கடதாசி எடுத்தேன். நீ வைத்திருப்பது அந்தக் கடதாசி. உன்னைவிட அவன் கறுப்பு. சிரித்தால் கண் மூடிவிடும். ஒன்பது மாதத்தில் மரவாங்குக் காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றான். அந்த மாரியில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள். மையித்தை நான்தான் கையில் தூக்கிக்கொண்டு போனேன், நாலு பேர் தூக்குகிற சந்தூக்கு தேவைப்படவில்லை. பிறந்ததற்குக் கடதாசி எடுத்த மாதிரி மௌத்துக்கும் எடுக்கவேண்டும் என்று சொன்னார்கள். எனக்குக் கால் வரவில்லை.

நீ பிறந்ததும் உம்மா உனக்கு அந்தப் பெயரையே வைத்தாள். நான் பத்தாம் நாள் சாரத்தை மாற்றிக்கொண்டு கடதாசி எடுக்க வெளிக்கிட்டேன். அவள் உன்னைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். "இஞ்ச பாருங்க, எங்க போறீங்க? என்ட றவூபுக்குக் கடதாசி இரிக்கிதானே" என்றாள். அது மற்றவன்ட கடதாசி, மௌத்தான புள்ளைட கடதாசி என்று சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "அவன் மௌத்து எண்டு எங்க எழுதியிரிக்கி? காட்டுங்க பாப்பம்" என்றாள். எனக்குக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. சரி, இனி இதைக் கதைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, நல்ல சாரத்தோடேயே வயலுக்குப் போனேன். இருபத்தெட்டு வருஷமாகக் கதைக்கவில்லை.

பிள்ளைகள் எத்தனை என்று யாராவது கேட்டால் உம்மா மூன்று என்பாள். உனக்கும் சுபைறாவுக்கும் அது பெரிய பகிடி. உம்மாவுக்கு மூன்று வரைக்கும் எண்ணத் தெரியாது என்று நீ சிரிப்பாய். எண்ணத் தெரியாதவர்கள் நீங்கள் இரண்டு பேரும்தான். நீ பிளேன் ஏறக் கட்டுநாயக்காவுக்குப் போக வெளிக்கிட்ட அன்று உன் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, திரும்பவும் பிடித்து இன்னொன்று கொடுத்தாள். பஸ் போய்விடும் உம்மா என்று நீ கத்தினாய். கடதாசிப்படி பார்த்தால் பள்ளிக்கூடம் போனது அவன், பட்டம் எடுத்தது அவன், பிளேன் ஏறினதும் அவன்தான். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்திருக்கிறது. அதை நான் கெடுக்கவில்லை.

போன திங்கட்கிழமை பதிவுக் கந்தோருக்குப் போனேன். அங்கே இருந்த எழுதுவினைஞர் நல்ல மனுஷன், கதிரை தந்து இருத்தினார். முழுக் கதையையும் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். "பெரியவர், கடதாசிப்படி உங்கட மூத்த மகன் லண்டன்ல படிக்கிறார். ரெண்டாவது மகன் இன்னும் பிறக்கயில்ல" என்றார். இருபத்தெட்டு வயதில் நீ இன்னும் பிறக்கவில்லை, மகன். நூறு கோடியில் ஒரு தூசைக் கண்டுபிடிக்கிறாய், நீ இருக்கிறாய் என்பதற்கு ஒரு கடதாசியும் இல்லை.

வழி இருக்கிறது என்றும் சொன்னார். முதலில் அவனுடைய மௌத்தைப் பதியவேண்டும். அதற்குப் பிறகு உன் பிறப்பைப் பிந்திப் பதியலாம். இரண்டுக்கும் சத்தியக் கடதாசி வேண்டும். என் பெருவிரலை நீட்டினேன். அவர் சரிவராது என்று தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒரு கதை சொன்ன ஆள் இங்கே வேறு கதை சொன்னால் மேலிடத்தில் எடுக்கமாட்டார்கள், அதோடு நீங்கள் பிள்ளை பிறந்த நேரம் வயலில்தானே நின்றீர்கள் என்றார். அது உண்மை. பிள்ளை பிறந்த அறைக்குள் நின்ற ஒருவர், இரண்டு பிள்ளைகளையும் கண்ட ஒருவர் வந்து சத்தியம் பண்ணவேண்டும். அப்படி ஒருவர் வந்தால் ஒரு மாதத்தில் கடதாசி தருவேன் என்று சொல்லி அனுப்பினார்.

இந்தக் கதை ஸைனுலாப்தீனின் கடையிலிருந்து வெளியே போக ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்தான் எடுத்தது. (நான் இரண்டு பேரிடம் மட்டும்தான் சொன்னேன். ஸை.) அடுத்த நாள் காலையில் கடைவாசலில் சத்தியம் பண்ண ஐந்து பேர் நிற்கிறார்கள். எத்தனை பேர் வேணும் காக்கா, எந்த வருசம் வேணும் என்று கேட்கிறார்கள். சைக்கிள் திருத்துகிற சீனிமுகம்மது, மருத்துவிச்சிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்ததே நான்தான் என்று சத்தியம் பண்ணத் தயார் என்றான். உனக்கு வயது என்ன என்று கேட்டேன். முப்பது என்றான். கிரகணத்தன்று நீ தொட்டிலில் கிடந்திருப்பாயே என்றேன். "தொட்டில்ல கிடந்தா என்ன காக்கா, கெட்டிக்காரப் புள்ள எண்டு எழுதுங்க" என்றான். அவனுடைய மனசு நல்ல மனசு. ஆனாலும் பொய்ச் சத்தியத்தால் வாங்குகிற வயதில் உனக்கு அல்லாஹ்வின் பறக்கத் இருக்காது. எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உன்னையும் உன் காக்காவையும் கையில் ஏந்தினவள் காரைதீவு மருத்துவிச்சி செல்லத்தங்கம். அவளைத் தேடி புதன்கிழமை பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போனால் படத்துக்கு மாலை போட்டுக் கிடக்கிறது. போன நோன்பு மாதத்தில் போய்விட்டாளாம். அவளுடைய மகள் என்னை இருத்திவைத்து, தாய்க்குக் கைமாறு செய்யவந்த மாதிரிப் பலகாரம் தந்தாள். இரண்டு பிள்ளைகளின் கதையும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "உங்கட பொஞ்சாதி ரெண்டாவது பிள்ளைக்கு என்ட அம்மாட கையக் கடிச்சவவாம். அந்தத் தழும்பு சாகுமட்டும் இருந்தது. முதல் பிள்ளைக்குக் கடிக்கயில்லையாம்" என்றாள். கந்தோரில் காட்டக்கூடிய அருமையான அத்தாட்சி. அதையும் சுடுகாட்டில் எரித்துவிட்டார்கள். அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டிய நான், பல்லுத் தழும்புக்கு அழுதுகொண்டு பஸ் ஏறினேன்.

நீ பிறந்த அந்தப் புதன்கிழமை அங்கே நின்றவர்களை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். உன் மூத்தம்மா கால்மாட்டில் நின்றா. நீ பேராதனைக்குப் போக முந்தியே அவவைக் கபுறில் வைத்தோம். செல்லத்தங்கம் இல்லை. சுடுதண்ணிப் பானையோடு நின்ற றஹீமா சாச்சியைப் புயலன்று சுவர் விழுந்து கொண்டுபோனது. கதவுக்கு வெளியே வசம்பு வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்ன பிள்ளை என்று கேட்ட உன் மாமாவும் இல்லை. உன் காதில் பாங்கு சொன்ன லெப்பையும் இல்லை. அறைக்குள் இருந்தவர்களில் ஒரே ஒரு ஆள் இன்னும் ஹயாத்தோடு இருக்கிறா. இவ்வளவு தூரம் அலைந்தது அவவிடம் கேட்காமல் தப்பத்தான்.

நான் கேட்கமாட்டேன் மகன். இதைக் கதைக்கமாட்டேன் என்று அன்றைக்கே உன் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டால் அவ ஓம் என்று பெருவிரலை வைப்பா. உனக்காக எதற்கும் வைப்பா. அதுதான் எனக்குப் பயம். இந்த வேலை வேண்டாம், கடதாசி இருந்தபடி இருக்கட்டும் என்று நீ சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வேன். என் மகன் வந்து என்னோடு மடை திறக்கட்டும். வேண்டும் என்றால் நீயே கேள். எனக்கு எழுதுகிற கடிதத்துக்குள் வைக்காதே. தனியாக, அவ பெயருக்கே எழுது. அவ பெயருக்கு இதுவரைக்கும் ஒரு கடிதமும் வந்ததில்லை. சுபைறா வாசித்துக் காட்டட்டும், நான் அந்த நேரம் வளவில் நிற்கிறேன். எடுத்த எடுப்பில் வேலையைப் பற்றி எழுதிவிடாதே. முதலில் உன் காக்காவைப் பற்றிக் கேள். அவன் எப்படி இருந்தான், எப்படிச் சிரித்தான், எந்த வாங்கைப் பிடித்து நின்றான் என்று கேள். முப்பத்தொரு வருஷமாக அதை யாரும் அவவிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. வேலையைப் பற்றி இரண்டாம் பக்கத்தில் எழுது.

அல்லாஹ் உன் ஹயாத்தை நீட்டித் தரட்டும். உன் அறிவில் பறக்கத் செய்யட்டும். உன் வயது எதுவானாலும், அதில் ஒரு நாளும் வீணாகாமல் இருக்கட்டும். உனக்கும் உன் பெயரைக் கொண்ட மற்றவனுக்குமாக இந்த துஆ. ஆமீன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அச்சிமுகம்மது
(இடது கைப் பெருவிரல் அடையாளம்)

கடித உறையில் மேலே என் பெயரை எழுதிப்போடாதே மகன், பழக்கதோஷத்தில் நான் வாங்கி மடித்து வைத்துவிடுவேன். தபால்காரன் நேராக உன் உம்மாவின் கையிலேயே கொடுக்கிறமாதிரி, பெரிய எழுத்தில், இப்படி எழுது:

சபியா உம்மா.